ஷோவுக்கு குதிரையோட பிடரி முடியை ரெடி பண்றது எப்படி: கத்தரிக்கோலை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஷோவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணி "அண்ணா, மேன் (பிடரி முடி) ரொம்ப நீளமா இருக்கு, எப்படி வெட்டறது"ன்னு கேக்கறவங்க வருஷத்துக்கு நாலு பேராவது இருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்ற பதில் ஒண்ணுதான், வெட்டாதீங்க. நீளமாவே விட்டுடுங்க, சீவி தண்ணி தொட்டுப் படிய வெச்சு அப்படியே ரிங்குக்குள்ள கூட்டிட்டுப் போங்க, ஒண்ணும் ஆகிடாது. பிடரி முடி வேலைங்கறது மூணு வாரத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சு தினம் பத்து நிமிஷமா பண்ற வேலை, ஒரே ராத்திரியில முடிக்கப் பார்த்தா நான் பண்ணின மாதிரிதான் ஆகும்.

நான் என்ன பண்ணினேன்னா, ரைடிங் கத்துக்க ஆரம்பிச்ச முதல் வருஷம், எங்க லாயத்துல மிட்டாய்ன்னு ஒரு செவலைப் பொண்ணு, ரேஸ்ல ஓடி ரிட்டையர் ஆகி வந்த தரோபிரெட், அவளுக்கு ஷோவுக்காக முடியை நல்லா தண்ணி ஊத்தி நனைச்சு, வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போன தையல் கத்தரிக்கோலால கழுத்து ஓரமா ஒரே கோடா நறுக்குன்னு வெட்டிட்டேன். ஈரமா இருக்கறப்போ சூப்பரா இருந்துச்சு. காஞ்சதும் முடி ரெண்டு விரக்கடை மேல ஏறிடுச்சு, அவ கழுத்தை இறக்கி தண்ணி குடிக்கறப்போ பார்த்தா அந்த நேர்கோடு படிக்கட்டா தெரியுது. சைஸ் அண்ணன் (குதிரையைப் பார்த்துக்கறவரை லாயத்துல சைஸ்னுதான் சொல்லுவோம்) பக்கெட்டைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "என்ன தம்பி, மொட்டை அடிக்கறதா நேந்துக்கிட்டீங்களா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார். மாசத்துக்கு சுமாரா ரெண்டு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால மூணு மாசம் அந்தக் கேள்வியை நான் தினம் ஞாபகப்படுத்திக்கிட்டேன்.

2023 செப்டம்பர்ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல நம்ம டீம் டிரெஸ்ஸாஜ்ல (குதிரையை விதவிதமான நடையிலயும் அசைவுலயும் சொன்னபடி போக வெச்சுக் காட்டற போட்டி) தங்கம் வாங்குச்சு இல்லையா, குதிரையேற்றத்துல 1982 டெல்லிக்கு அப்புறம் 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம், அதுக்கு அப்புறம் லாயத்துக்குப் புதுசா வர்ற பசங்க போட்டோவைக் காட்டி "இந்த உருண்டை உருண்டையா இருக்கே, இது எப்படி"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிடரி முடியைப் பின்னிச் சுருட்டின அந்த உருண்டைங்களைப் பத்திதான் இந்தக் கட்டுரை. ஆனா பின்றது கடைசி வேலை, அதுக்கு முன்னாடி நிறைய இருக்கு.

முதல்ல, உங்க குதிரைக்கு இது தேவையா?

எல்லாக் குதிரைக்கும் ஒரே கட்டிங் கிடையாது. டிரெஸ்ஸாஜ், ஜம்பிங் (தடை தாண்டறது), ஹன்டர் (தடை தாண்டற அழகுக்கு மார்க்) கிளாஸ்ல (ஷோவுல ஒவ்வொரு போட்டியையும் கிளாஸ்னுதான் சொல்லுவோம்) வர்ற தரோபிரெட், வார்ம்பிளட் இனக் குதிரைங்களுக்குத்தான் குட்டையா, மெலிசா முடியை வெச்சு சின்னச் சின்னப் பின்னலா போடறது. அரேபியக் குதிரையை அதோட இன ஷோவுல காட்டறப்போ பிடரியை நீளமா, இயற்கையா விட்டுடுவாங்க. ஃபிரீசியனும் அப்படித்தான், அது முடியில கை வெச்சா அதோட ஓனர் உங்க மேல கை வெச்சுடுவார். ஸ்பெயின் நாட்டு ஆண்டலூசியன் மாதிரி நீள முடிக் குதிரையை டிரெஸ்ஸாஜுக்குக் கொண்டு வந்தா கழுத்து ஓரமா ஒரே நீளப் பின்னலா ஓட விடுவாங்க. அமெரிக்காவுல வெஸ்டர்ன் கிளாஸ்ல வர்ற குவார்ட்டர் குதிரைக்குப் பின்னலே இல்ல, சின்ன ரப்பர் பேண்டா வரிசையா போட்டுப் படிய வெக்கறாங்க. நார்வே நாட்டு ஃபியோர்டு குதிரைக்கு நடுவுல கறுப்பு, ரெண்டு பக்கமும் வெளிர் முடி, அதை நிமிர்ந்து நிக்கற மாதிரி பிறை வடிவத்துல வெட்டி அந்தக் கறுப்புக் கோடு தெரியற மாதிரி விடுவாங்க, பார்க்கவே அழகா இருக்கும். போலோ குதிரைக்கு மொத்தமா வழிச்சுடுவாங்க, மட்டையும் வாரும் முடியில மாட்டக் கூடாதுன்னு.

இதுல போலோ ஸ்டைலைப் பார்த்துட்டு "பராமரிப்பு ஈஸி, வழிச்சுடலாம்"னு நினைக்காதீங்க. வழிக்க பத்து நிமிஷம், திரும்ப வளர்றப்போ மாசக்கணக்குல பிரஷ் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும், எந்தப் பக்கமும் சாயாது.

நம்ம ஊர்ல மார்வாரி, கத்தியவாரின்னு நம்ம நாட்டு இனக் குதிரை வெச்சிருக்கறவங்களும் படிப்பீங்க. ஈரோடு பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, அங்க முடியை யாரும் குட்டையாக்கறதைப் பத்திப் பேசவே மாட்டாங்க, சுழியைத்தான் பார்ப்பாங்க. சுழி பார்த்து வாங்கறது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், அதுக்குள்ள நான் போகல. ஆனா ஒரு விஷயத்துல அந்தப் பெரியவங்க கண்ணு நமக்கு வேணும், கழுத்து முகட்டுல எங்க சுழி இருக்கோ அங்க முடி சொன்ன பேச்சு கேக்காது, எதிர்ப்பக்கமா திரும்பி நிக்கும். பின்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்து அந்த இடத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, பின்னாடி கழுத்துல ஒரு பின்னல் மட்டும் ஏன் கோணலா நிக்குதுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டாம்.

இன்னொண்ணு, டிரெஸ்ஸாஜ்ல பின்னலுக்குன்னு தனி மார்க் எதுவும் இல்ல, குதிரை என்ன பண்ணுதோ அதுக்குத்தான் மார்க். அப்புறம் ஏன் இவ்வளவு பாடுன்னா, முடி ஒதுங்கினா கழுத்தோட வளைவு சுத்தமா தெரியும், வாருல முடி சிக்காது, அதுக்கும் மேல மூணு வாரம் தினம் குதிரை கழுத்துல கை வெச்சு வேலை பண்ணினவனுக்கு அந்தக் குதிரையைப் பத்தி நிறையத் தெரிஞ்சிருக்கும்.

என்னென்ன வேணும்

கடைக்குப் போய் பெரிய கிட் எல்லாம் வாங்காதீங்க. இரும்புச் சீப்பு சின்னது ஒண்ணு (பல்லு நெருக்கமா, உள்ளங்கையில அடங்கற மாதிரி), பெரிய பல் சீப்பு ஒண்ணு, கெட்டி பிரஷ், தண்ணி அடிக்கற ஸ்ப்ரே பாட்டில், ஸ்பாஞ்ச், முடி கலர்லயே சின்ன ரப்பர் பேண்டு, துணி காயப் போடற கிளிப்பு நாலு, முனை மழுங்கின பெரிய காது வெச்ச ஊசி (கம்பளி தைக்கற ஊசி போதும்), மெழுகு நூல். செருப்புத் தைக்கறவர்கிட்ட இருக்கற மெழுகு நூல்ல மெலிசானது அருமையா இருக்கும். பூ கட்டற நூல் வேண்டாம், ஈரத்துல இத்துப் போய் பாதி கிளாஸ்ல அறுந்துடும். அப்புறம் தையல் பிரிக்கற சின்னக் கொக்கி, டெய்லர் கடைக்கு சாமான் விக்கற எந்தக் கடையிலயும் கிடைக்கும், இது இல்லாம பின்னலைப் பிரிக்க ஆரம்பிச்சா கத்தரிக்கோல் எடுப்பீங்க, கத்தரிக்கோல் எடுத்தா நூலோட சேர்த்து முடியையும் வெட்டுவீங்க.

ஏறி நிக்க ஒரு உறுதியான ஸ்டூல் வேணும். கவுத்து வெச்ச பெயின்ட் டப்பா மேல நிக்காதீங்க, குதிரை ஒரு அடி நகர்ந்தா நீங்க அதோட வயித்துக்குக் கீழ இருப்பீங்க.

கட்டறது, நிக்கறது

புதுசா வர்றவங்க இதைத்தான் தாண்டிப் போயிடறாங்க. குதிரையைக் கட்டறப்போ ஒரு இழுப்புல அவிழற உருவு முடிச்சு போடுங்க, அதையும் நேரா இரும்பு வளையத்துல கட்டாம வளையத்துல ஒரு சணல் கயிறு முடிஞ்சு அதுல கட்டுங்க, மிரண்டு இழுத்தா கயிறு அறுந்து போகட்டும், கழுத்து போகக் கூடாது. நீங்க கழுத்துக்குப் பக்கவாட்டுல, தோளை ஒட்டி நில்லுங்க. நேரா முன்னாடி நிக்கவே கூடாது. உட்கார்ந்துக்கிட்டு வேலை பண்ணவும் கூடாது. கத்தரிக்கோலை பேன்ட் பாக்கெட்ல சொருகிக்காதீங்க, அதைக் கையில எடுக்கறப்போ முனை எப்பவும் குதிரை கண்ணுக்கு எதிர்த் திசையில இருக்கணும், ஏன்னா ஈ உக்கார்ந்தா அது தலையைத் திருப்பறதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் கேக்காது.

மூணு வாரத்துக்கு முன்னாடி: சுத்தம்

முதல்ல முடியோட அடியைப் பாருங்க. முடியைப் புரட்டிப் போட்டு கழுத்து முகட்டுல விரலால சுரண்டினா சாம்பல் மாதிரி பொடுகு வரும், அதை கெட்டி பிரஷால தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, மழை முடிஞ்ச சமயத்துல கொசு மாதிரியே இன்னும் பொடிப்பூச்சி ஒண்ணு கடிச்சு, குதிரை கழுத்தைச் சுவத்துல தேய்ச்சுத் தேய்ச்சுப் பிடரியில பாதியைக் காணாமப் பண்ணிடும். தோல் சிவந்து, மொத்தையா, பொருக்கு தட்டி இருந்தா முடி வேலை எல்லாம் தள்ளி வெச்சுட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. அந்த மாதிரித் தோல் மேல முடி இழுக்கறதோ பின்றதோ கொடுமை.

எண்ணெய் பத்திக் கேப்பீங்க. எங்க லாயத்துல தேங்காய் எண்ணெய் தடவாத குதிரையே இல்ல, பூச்சி வராம இருக்க வேப்பெண்ணெயும் கலப்பாங்க. ஷோ இல்லாத மாசங்கள்ல தாராளமா பண்ணுங்க. ஆனா ஷோவுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ நிறுத்திடுங்க, எண்ணெய் முடியில மண்ணு ஒட்டும், பின்றப்போ விரல் வழுக்கும். பளபளன்னு ஆக்கற ஸ்ப்ரேயும் அப்படித்தான், அதை வாலுக்கு வெச்சுக்கோங்க, பிடரிக்கு வேண்டாம், சேணம் உக்கார்ற இடத்துல பட்டுடாம பார்த்துக்கோங்க.

மெலிசாக்கறது: வேலையோட உயிரே இங்கதான்

எவ்வளவு நீளம் வேணும்னா, உங்க கையை கழுத்துல குறுக்கா வெச்சு நாலு விரலுக்குக் கொஞ்சம் கூட, சுமாரா நாலுல இருந்து அஞ்சு இன்ச். ஆனா நீளத்தை விட அடர்த்திதான் முக்கியம். கத்தரிக்கோலால நேரா வெட்டினா நுனி மொத்தமா நிக்கும், பின்னி மடிச்சா கொழுக்கட்டை சைஸ்ல வரும். நமக்கு வேண்டியது நெல்லிக்காய் சைஸ், அதுலயும் அரி நெல்லிக்காய். அதுக்கு நுனி இயற்கையா மெலிஞ்சு போற மாதிரி இருக்கணும்.

பழைய முறை, முடியை இழுத்து எடுக்கறது. குதிரை வேலை முடிச்சு உடம்பு சூடா இருக்கறப்போ பண்ணுங்க, அப்போ முடி லேசா வரும். கழுத்தோட நடுவுல ஆரம்பிங்க, காது பக்கம்தான் ரொம்ப கூசும், அதைக் கடைசியில வெச்சுக்கோங்க. அடிப்பக்கத்துல இருந்து, அதாவது கழுத்தை ஒட்டி இருக்கற முடியில இருந்து, இருக்கறதுலயே நீளமா தொங்கற ஒரு ஏழெட்டு முடியை மட்டும் நுனியில பிடிச்சுக்கணும். மிச்சத்தை சீப்பால மேல் நோக்கித் தள்ளிடணும். கையில மிஞ்சின அந்த ஏழெட்டு முடியை சீப்புல ஒரு சுத்து சுத்தி, கீழ் நோக்கி வெடுக்குன்னு ஒரு சின்ன இழுப்பு. மெதுவா இழுத்தாத்தான் வலிக்கும். அதிகமா பிடிச்சா முடியும் வராது, குதிரையும் உங்களை மறக்காது. மேல் முடியில எப்பவும் கை வெக்காதீங்க, அங்க எடுத்தா ஒரு மாசம் கழிச்சுப் புதுசா முளைக்கற முடி குத்திக்கிட்டு நிக்கும், பார்க்க சேவல் கொண்டை மாதிரி இருக்கும்.

ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், ஒரு சாண் இடம், அவ்வளவுதான். ஒரே நாள்ல முழுக் கழுத்தையும் முடிச்சா மறுநாள் தொட விடாது.

"குதிரைக்கு அங்க வலியே தெரியாது"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேன். சில குதிரை தூங்கிடும், உண்மைதான், நானே பார்த்திருக்கேன். மிட்டாய் அப்படி இல்ல. ரெண்டாவது இழுப்புலயே காதைப் பின்னுக்கு மடக்கி, மூக்கைச் சுருக்கி, வாலை ஒரு விசிறு விசிறுவா. அப்படிச் சொல்ற குதிரைகிட்ட மல்லுக்கட்டி, மேல் உதட்டைக் கயிறு போட்டு முறுக்கி நிறுத்தி முடி இழுக்கறதெல்லாம் அழகுக்காக பண்ற வேலைக்கு ரொம்ப அதிகம். அந்த மாதிரிக் குதிரைக்கு பிளேடு வெச்ச சீப்பு இருக்கு, முடியை அதே மாதிரி பின் தள்ளிட்டு, கையில மிஞ்சினதை இழுக்காம பிளேடால அறுத்துடலாம், வேரு அசையாது. அது கிடைக்கலைன்னா கத்தரிக்கோலையே நேர் செங்குத்தா, நுனி மேல பார்க்கற மாதிரி பிடிச்சு, முடி நுனிக்குள்ள சின்னச் சின்னதா கொத்துங்க, குறுக்கா வெட்டவே கூடாது, காஞ்ச முடியிலதான் பண்ணணும், ஈரத்துல பண்ணினா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். சலூன்ல இருக்கற பல்லு வெச்ச கத்தரியும் பரவாயில்ல, ஆனா அடிப்பக்கத்துல மட்டும்தான், மேல பட்டா கோடு கோடா தெரியும்.

இதுல ஒரு குறை, அறுத்த முடி மெலிசாகாம குட்டையா மட்டும் ஆகும், அடுத்த ஷோவுக்குள்ள திரும்ப அடர்த்தியா நிக்கும். பரவாயில்ல, திரும்ப பண்ணுங்க.

முடி தப்பான பக்கம் விழுதா? இங்கிலாந்து வழக்கத்துல வலது பக்கம் விழணும்பாங்க. பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் விழற முடியை ஈரமாக்கி வேண்டிய பக்கமா சீவி, லூசா பெருசு பெருசா பின்னி ரெண்டு மூணு நாள் விட்டுப் பிரிங்க, அடிக்கடி பண்ணினா படியும். பிடிவாதமா இடது பக்கமே விழற குதிரைன்னா இடது பக்கமே பின்னிடுங்க, அதுக்காக டிரெஸ்ஸாஜ்ல யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க.

ஒரு வாரம் முன்னாடி: காதுக்குப் பின்னாடி

கடிவாளத்தோட மேல்வார் உக்கார்ற இடத்துல, காதுக்குப் பின்னாடி கொஞ்சம் முடியை எடுத்து வழி விடுவாங்க, இதுக்கு பிரிடில் பாத்னு பேரு. வாரோட அகலம் இருந்தா போதும், ஒண்ணரை இன்ச், மிஞ்சிப் போனா ரெண்டு. அமெரிக்காவுல அரேபியன் ஷோவுல இதை ரொம்ப நீளமா எடுப்பாங்க, கழுத்து ஒல்லியா தெரியணும்னு, நமக்கு அது வேண்டாம்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் நேராக்கிடலாம்"னு அரை இன்ச் பின்னாடி போறது. ஒரு வருஷத்துல பார்த்தா பாதிக் கழுத்து வரைக்கும் வழி போயிருக்கும். அதனால முதல்ல கடிவாளத்தைப் போட்டு வார் எங்க உக்காருதுன்னு பார்த்து, அதுக்குப் பின்னாடி இருக்கற முடியை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிட்டு, நெத்தி முடியை முன்னாடி தள்ளி கிளிப்பு போட்டுட்டு, நடுவுல மிஞ்சினதை மட்டும் எடுங்க. கிளிப்பர் மெஷின்னா அந்த சத்தத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே பழக்கணும். முதல் நாள் தூரத்துல ஓட விட்டு காரட் குடுங்க, அடுத்த நாள் தோள்ல ஓடாத மெஷினை வெச்சு எடுங்க, மூணாவது நாள் ஓட விட்டு. அவசரம்னா கத்தரிக்கோலாலயே எடுத்துடலாம், கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தாலும் வார் மறைச்சுடும்.

கழுத்தோட மறு முனையில, முதுகு ஆரம்பிக்கற மேட்டுல இருக்கற கொத்து முடியை விட்டுடுங்க. ஏறறப்போ, குதிரை திடீர்னு எகிறறப்போ, உங்க கை தானா போய் பிடிக்கற இடம் அது.

மூக்கு, வாய், கண்ணைச் சுத்தி இருக்கற நீளமான மீசை முடியைத் தொடவே தொடாதீங்க. பழைய சைஸுங்க நிறைய பேர் ஷேவ் பண்ணி மூஞ்சியை வழவழன்னு ஆக்கிடுவாங்க, அது அந்தக் காலத்துப் பழக்கம். அந்த முடிங்கதான் குதிரைக்கு மூக்குக்குக் கீழ என்ன இருக்குன்னு தொட்டுச் சொல்றது, அதோட கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. சர்வதேச குதிரையேற்ற சம்மேளனமான எஃப்இஐ 2021 ஜூலை 1-ல இருந்து அதை எடுத்த குதிரைக்குப் போட்டியில அனுமதி இல்லைன்னே விதி கொண்டு வந்துடுச்சு, டாக்டர் சிகிச்சைக்காக எடுத்தா மட்டும் விலக்கு. "சைஸ் தெரியாம எடுத்துட்டார்"னு சொன்னா அங்க எடுபடாது.

ரெண்டு நாள் முன்னாடி குளியல்

ஷோ அன்னைக்குக் காலையில குளிப்பாட்டினா முடி பட்டு மாதிரி இருக்கும், பின்ன வராது, கையை விட்டு நழுவும். ரெண்டு நாள் முன்னாடி ஷாம்பூ போட்டு, வேர் வரைக்கும் விரல் விட்டுத் தேய்ச்சு, நுரை போற வரைக்கும், அதுக்கப்புறம் இன்னொரு பக்கெட்டும் ஊத்திக் கழுவுங்க. கண்டிஷனர் வேண்டாம். லேசா அழுக்கு இருக்கற முடிதான் பின்றதுக்குப் பிடி குடுக்கும்.

ஷோ அன்னைக்கு விடியக்காலை: பின்னல்

பொண்ணுக்கு ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டத் தெரிஞ்சவங்க பாதி கிணறு தாண்டிட்டாங்க, ஆனா பாதி கிணறு தாண்டினா என்ன ஆகும்னு தெரியும் இல்லையா, அதனால வீட்டுலயே ஒரு நாற்காலி முதுகுல கம்பளி நூலைக் கட்டி மடிக்கறதைப் பழகிட்டு வாங்க. முதல் தடவைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. குதிரைக்குப் புல் மூட்டை கட்டி விட்டா தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும், முன்னாடியே தின்ன விட்டுட்டு ஆரம்பிங்க.

முடியை ஸ்ப்ரேயால நனைச்சுப் படிய சீவிட்டு, முதல்ல பிரிச்சுடுங்க. சீப்பு அகலத்தை அளவா வெச்சு காது பக்கத்துல இருந்து தோள் வரைக்கும் ரப்பர் பேண்டு போட்டுப் பங்கு பிரிங்க, எண்ணிப் பாருங்க, ஒண்ணு குண்டா ஒண்ணு ஒல்லியா இருந்தா இப்பவே சரி பண்ணுங்க. எத்தனைன்னா, பழைய வழக்கத்துல கழுத்துல ஒத்தைப்படை எண், ஏழு இல்லைன்னா ஒன்பது, நெத்தியில ஒண்ணு. இப்போ பதினஞ்சு வரைக்கும் போடறாங்க, அமெரிக்க ஹன்டர் குதிரைக்கு முப்பதைத் தாண்டும். எண்ணிக்கையில ஒரு கண்கட்டு வித்தை இருக்கு. கழுத்து குட்டையா இருக்கற குதிரைக்கு நிறைய, சின்னச் சின்னதா போட்டா கழுத்து நீளமா தெரியும், நீளக் கழுத்துக்காரனுக்குக் குறைச்சலா, பெருசா. கழுத்து முகடு ஒட்டி சதை இல்லாம இருந்தா பின்னல் உருண்டையை முகட்டுக்கு மேல உக்கார வைங்க, ஏற்கனவே திமில் மாதிரி கொழுத்த கழுத்துன்னா கீழ இறக்கி ஓரமா வைங்க.

ஒவ்வொரு பங்கையும் மூணாப் பிரிச்சு, முதல் மூணு முறுக்கை நல்லா இறுக்கமா போடுங்க, அதுதான் பின்னல் நிக்கற அஸ்திவாரம். இழுக்கற திசை கீழ் நோக்கி இருக்கணும், உங்க பக்கம் இழுத்தா பின்னல் கழுத்தை விட்டு எழும்பி நிக்கும். தண்ணி தொட்டுத் தொட்டுப் பின்னுங்க. ஆனா தோல் மேல கூடாரம் மாதிரி தூக்கற அளவுக்கு இறுக்கிடாதீங்க, குதிரை கழுத்தை இறக்க முடியாம அவதிப்படும், அது ரிங்குல நடையிலயே தெரிஞ்சுடும்.

நுனி வரைக்கும் பின்னி முடிச்சதும், ஊசியில ரெட்டையா கோத்த நூலை நுனியில ரெண்டு சுத்து சுத்தி, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற முடியெல்லாம் உள்ள மடிச்சு ஒரு தையல். அப்புறம் ஊசியைப் பின்னலோட வேருக்குப் பின்னாடி இருந்து, கழுத்தை ஒட்டி, மேல் நோக்கி முன் பக்கமா எடுத்து இழுத்தா பின்னல் நடுவுல மடங்கி நுனி உள்ள போய் ஒளிஞ்சுக்கும். இப்போ பாதி நீளத்துல ஒரு வளையம் தொங்கும். அந்த வளையத்தை இன்னொரு தடவை மேல உருட்டி, உருண்டையாக்கி, நடுவுல ஊசியை விட்டு முன்னும் பின்னும் ரெண்டு தடவை, பக்கவாட்டுல இடம் ஒண்ணு வலம் ஒண்ணு, பின்னாடி முடிச்சு. நூலை வெட்டறப்போ முடிச்சுக்கு ரொம்ப ஒட்டி வெட்டாதீங்க. உருண்டையை விரலால அசைச்சுப் பாருங்க, ஆடினா இன்னொரு தையல் போடுங்க.

ஊசி பயமா இருந்தா ரப்பர் பேண்டுலயே மடிச்சு மடிச்சு முடிச்சுடலாம். பாதி நேரம்தான் ஆகும். கிட்டப் போய்ப் பார்த்தா கொஞ்சம் மொத்தையா தெரியும், ஆனா ஜட்ஜ் உக்கார்ந்திருக்கற தூரத்துல இருந்து தெரியாது, முதல் ஷோவுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஊசியில பண்றவங்க எத்தனை ஊசி எடுத்துட்டுப் போனீங்களோ அத்தனை ஊசி திரும்ப வரணும், எண்ணுங்க. ஒரு தடவை காலையில அஞ்சரை மணிக்கு, ஏழாவது பின்னல்ல என் ஊசியைக் காணோம். கீழ முழுக்க வைக்கோல். அதைக் குதிரை மிதிச்சாலும் ஆபத்து, வைக்கோலோட சேர்த்துத் தின்னாலும் ஆபத்து. மிட்டாயை வெளிய கட்டிட்டு நானும் சைஸ் அண்ணனும் டார்ச் அடிச்சுக்கிட்டு மொத்த வைக்கோலையும் கைப்பிடி கைப்பிடியா அள்ளி வெளிய போட்டோம், முக்கால் மணி நேரம். கடைசியில அவர்தான் என் தோளைத் தொட்டார், ஊசி என் டீ-ஷர்ட் காலர்ல நூலோட தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு அரைக் கழுத்து பின்னலோடதான் கிளாஸுக்குப் போனோம், மிச்சத்தை அப்படியே பிரிச்சு விட்டுட்டு. அதுல இருந்து சட்டையில சிவப்புத் துணித் துண்டு ஒண்ணு குத்தி வெச்சுக்கறேன், கையில இல்லாதப்போ ஊசி அதுலதான். பின்றதையும் இப்போ வைக்கோல் இல்லாத சிமென்ட் தரையில நிறுத்தித்தான்.

நெத்தி முடியைக் கடைசியா பண்ணுங்க, பெரும்பாலான குதிரை கண்ணுக்கு மேல கை வர்றதை விரும்பாது. தலையைத் தாழ்த்தச் சொல்லி, பக்கவாட்டுல நின்னு, அதையும் அதே மாதிரி ஒரே பின்னல். அடம் பிடிச்சா சீவி விட்டுட்டுப் போங்க. ஜம்பிங்ல நெத்தி முடியை விட்டுட்டு வர்றவங்க எவ்வளவோ பேர்.

எல்லாம் முடிஞ்சதும் ஈரக் கையால ஒரு தடவை முகடு முழுக்கத் தடவுங்க. பொடிப்பொடியா நிக்கற முடியை வெட்டாதீங்க, பிடுங்காதீங்க, கொஞ்சம் ஹேர் ஜெல் போட்டுப் படிய வைங்க. அடுத்த மாசத்து முடி அது.

முடிஞ்சதும் பிரிக்கறது

போட்டோ எடுத்து, பரிசு ரிப்பன் வாங்கி, வாங்கலைன்னா டீ குடிச்சுட்டு, உடனே பிரிங்க. அடுத்த நாளும் கிளாஸ் இருக்கு, அப்படியே இருக்கட்டும்னு ராத்திரி விட்டா அரிப்பு தாங்காம சுவத்துல தேய்ச்சு, காலையில பின்னலும் இருக்காது, பின்னல் இருந்த இடத்துல முடியும் இருக்காது. நம்ம ஊர் புழுக்கத்துல பின்னலைக் காப்பாத்த கழுத்து வரைக்கும் மூடற துணி முகமூடி மாட்டி விடறதும் சரிப்படாது. பின்னாடி இருக்கற முடிச்சைத் தேடி, கொக்கியால நூலை மட்டும் பிரிச்சு, ஈரக் கையால ஒவ்வொண்ணா உதறுங்க, நூல் துண்டையும் ரப்பர் பேண்டையும் கீழ போடாம பாக்கெட்ல போடுங்க.

பிரிச்சதும் முடி மொத்தமும் பெர்ம் பண்ணின மாதிரி சுருண்டு நிக்கும். வெந்நீர் வேண்டாம், சாதா தண்ணியில ஸ்பாஞ்சை நனைச்சு வேரோட அழுத்தித் துடைங்க, விரலால முகட்டை ஒரு அஞ்சு நிமிஷம் தேய்ச்சு விடுங்க. மிட்டாய் அந்த நேரத்துல கண்ணைப் பாதி மூடி, கீழ் உதட்டைத் தொங்கப் போட்டு நிப்பா. அப்புறம் சைஸ் அண்ணன் கயிறை அவிழ்த்து மணல் பக்கம் கூட்டிட்டுப் போவார், ரெண்டு சுத்து சுத்தி மோந்து பார்த்துட்டு தொப்புன்னு விழுந்து புரளுவா, மூணு வார வேலை மேல மொத்தமா மணல்.